கேள்வித்தாளோடு வரும் பிள்ளைகளுக்கு

மருத்துவம், தாதிமை, மருந்தியல், பொதுச் சுகாதாரம் என்று படித்து, ஆய்வுக்காக பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் வருகிற தமிழ்ப் பிள்ளைகளே,

அரசாங்க கிளினிக்குகளில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று மாதாமாதம் வந்து உட்காரும் நம்முடைய பெரியவர்களோடுதான் என் வேலைக்காலம் கழிந்தது. இப்போதும் யாருக்காவது துணையாக கிளினிக்குக்குப் போகும்போது உங்களைப் பார்க்கிறேன். கழுத்தில் பல்கலைக்கழக அட்டை, கையில் கேள்வித்தாள். காத்திருக்கும் வரிசையில் ஒருவர் பக்கத்தில் குனிந்து, "ஐயா, ஒரு பத்து நிமிஷம்" என்று கேட்கிறீர்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அந்தத் தாள்களில் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கிறீர்கள். நாள்பட்ட நோயோடு வாழ்கிறவர் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளும் திறன் எவ்வளவு என்பதை. சில தாளில் 11 கேள்வி, சில தாளில் 20, பழைய தாள் ஒன்றில் 43. கடைசியில் ஒரு கூட்டல். அந்தக் கூட்டுத்தொகை ஒரு மனிதரைப் 'போதும்' என்றோ 'போதாது' என்றோ பிரித்துவிடுகிறது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல்: எங்கள் பெரியவர்களுக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளுக்கு முதலில் பரீட்சை வையுங்கள். தமிழில் வையுங்கள். இங்கே வாழ்கிற தமிழர்களிடமே வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி இருக்கிறது. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் 2015இல் இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் 22.1 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2019இல் அது 31.4 ஆனது. அந்த ஆண்டு நாட்டின் மொத்த விகிதம் 18.3. அதாவது நம்மில் மூவரில் ஒருவர் என்கிற அளவுக்கு வந்துவிட்டோம். 2023இல் மொத்த விகிதம் 15.6க்கு இறங்கினாலும், நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, கூடுதல் கொழுப்பு, உடற்பருமன் நான்கும் சேர்ந்து பிடித்திருப்பவர்கள் மட்டும் நாட்டில் சுமார் 5 லட்சம் பெரியவர்கள் என்று அதே ஆய்வு சொன்னது. டயாலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிக்கும் மேல் நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள். இப்படிப்பட்ட நோயில் மருந்தைப் போலவே அன்றாடமும் பெரிது. பசியாறுவதிலிருந்து படுக்கப்போகும் வரை என்ன செய்கிறார் என்பதுதான் கால் தப்புமா, கண் தப்புமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதை அளக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரியான நினைப்பு.

ஆனால் அளக்கப்படுவது யார்? பல ஆய்வுகளின் சேர்க்கை விதிகளில் ஒரு வரி இருக்கும்: மலாய் அல்லது ஆங்கிலம் புரிந்தவர்கள் மட்டும். அந்த ஒரு வரியால் எழுபது வயதுப் பாட்டி வெளியே போய்விடுகிறார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு மூன்று வருஷம் படித்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போனவர் அவர். தோட்டம் துண்டாடப்பட்டதும் கிள்ளானில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர். கடைக்காரரிடம் பேரம் பேச அவருடைய மலாய் போதும். 'உங்கள் நோய் அறிகுறிகளைக் கண்காணிப்பதில் எவ்வளவு நம்பிக்கை உள்ளது' என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போதாது. யாருக்கு இந்த நோய் மிகவும் கடினமாக இருக்கிறதோ அவர்தான் கணக்கில் இல்லை.

சில பிள்ளைகள் நல்ல மனதோடு இதைத் தாண்டப் பார்க்கிறீர்கள். மலாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கும்போதே தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்கிறீர்கள். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் ஒரு விதமாகச் சொல்வீர்கள், உங்கள் தோழி வேறு விதமாகச் சொல்வார், பக்கத்தில் நிற்கும் மகள் மூன்றாவது விதமாகச் சொல்லி, பதிலையும் அவரே சொல்லிவிடுவார். ஒரே தாள் என்று நீங்கள் நினைப்பது மூன்று தாளாகிவிடும். மலாய்ப் பதிப்புக்கு யாரோ பாடுபட்டு நிரூபித்த நம்பகத்தன்மை உங்கள் வாய்வழித் தமிழுக்குத் தானாக வந்து சேராது. பருமனான கையில் சிறிய கைப்பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும் என்று முதலாம் ஆண்டிலேயே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கேள்வித்தாளும் அப்படி ஒரு கருவிதான்.

இனி கேள்விகளுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் டூபெர்ட், ஹாம்ப்சன், கிளாஸ்கோ மூவரும் 2000இல் திருத்தி வெளியிட்ட நீரிழிவுச் சுயபராமரிப்புத் தாளை உங்களில் பலர் பயன்படுத்துகிறீர்கள். எனக்கு அந்தத் தாள் மேல் மரியாதை உண்டு. 'ஒப்புக்கொள்கிறேன், மிகவும் ஒப்புக்கொள்கிறேன்' என்ற படிக்கட்டெல்லாம் இல்லாமல், கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் என்று நேராகக் கேட்கிறது. நாள் எண்ணுவது எந்தப் பாட்டிக்கும் தெரியும். அதில் ஒரு கேள்வி: காலணியின் உட்புறத்தை எத்தனை நாள் பார்த்தீர்கள்? கேள்வியின் காரணம் நியாயமானது. உணர்ச்சி மரத்துப்போன காலுக்கு, ஷூவுக்குள் கிடக்கும் சின்னக் கல்கூடத் தெரியாது. மாலையில் கழற்றும்போது புண் இருக்கும். ஆனால் நம் பாட்டி ஷூ போடுவதில்லை. சிலிப்பர் போடுகிறார், வீட்டுக்குள் அதுவும் இல்லை. அவருக்கு ஆபத்து வருகிற இடம் வேறு. வெடித்த குதிகால், நகத்தோரம், நண்பகலில் கொதிக்கும் கோயில் வாசல், தைப்பூசத்தன்று பத்துமலைக்கு வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கிற நடை. தினமும் ராத்திரி காலைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுகிற பெண்மணிக்கு அந்தக் கேள்வியில் பூஜ்யம் விழுகிறது. அவர் பூஜ்யம் இல்லை.

இன்னொரு கேள்வி, சிவப்பு இறைச்சி, கொழுப்பு நீக்காத பால் பொருள் போன்ற கொழுப்புணவை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பது. மாட்டிறைச்சியைத் தொடாத குடும்பம், ஆட்டிறைச்சி எப்போதாவது. பதில் சுத்தமாக வரும். அதே வாரத்தில் காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாய், வேலைக்கு நடுவே தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், சாயங்காலம் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக். கேள்வி அவர் சாப்பிடாததைக் கேட்டது, சாப்பிட்டதைக் கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்ல நான் முதல் ஆள் இல்லை. அந்த மூவரே, தங்கள் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உணவைப் பற்றிய இந்தக் குறிப்பான கேள்விகள் ஒன்றோடொன்று பொருந்தி வரவில்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கத் தட்டிலேயே ஒட்டாத கேள்வி நம் வாழையிலையில் ஒட்டுமா என்று பார்க்காமல் எடுத்து வரக்கூடாது.

உடற்பயிற்சிக் கேள்விகளில் ஒன்று எனக்கு இன்னும் வலிக்கிறது. வீட்டு வேலை, பிழைப்புக்கான வேலை இரண்டையும் தள்ளிவிட்டு, தனியாகச் செய்த பயிற்சி எத்தனை நாள் என்று கேட்கிறது. விடிவதற்கு முன் பஸ் ஏறி கோலாலம்பூரின் ஓர் அலுவலகக் கட்டடத்தில் மாடி மாடியாகத் துடைத்துவிட்டு வருகிற அறுபது வயதுப் பெண்ணிடம் இதைக் கேட்டால் 'ஒரு நாளும் இல்லம்மா' என்பார். கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வார். அந்த வெட்கத்தை உண்டாக்கியது உங்கள் தாள். வேலை உழைப்பும் பயிற்சியும் உடம்புக்கு ஒன்றல்ல என்று நீங்கள் வாதாடலாம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் எட்டு மணி நேரம் நின்ற கால்களிடம் மாலையில் பூங்காவுக்கு நடக்கும் 'திறன்' இல்லை என்று எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

சர்க்கரை அளவை வீட்டில் பார்க்கும் கேள்வியும் அப்படியே. மருந்தை கிளினிக்கில் வாங்கிக்கொள்ளலாம். ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலோர் சொந்தக் காசில் வாங்க வேண்டும். வாங்க முடியாதவருக்கு 7இல் 0. டோரத்தி ஓரெம் 1971இல் எழுதிய தாதிமை நூலிலிருந்துதான் இந்தச் 'சுயபராமரிப்புத் திறன்' என்ற எண்ணமே உங்கள் தாள்களுக்கு வந்தது. ஒருவருடைய உடம்பு கேட்பது ஒன்று, அதைச் செய்ய அவரால் முடிவது ஒன்று என்று அவர் பிரித்துப் பார்த்தார். இடையில் பணப்பை என்று ஒன்று இருக்கிறது. அதை உங்கள் தாள் தனியாகக் கேட்கட்டும். கேட்காவிட்டால் ஏழ்மையைத் திறமைக்குறைவு என்று பதிவு செய்துகொண்டிருப்பீர்கள்.

அப்படியானால் கேள்வியை மாற்றிவிடலாமா? மாற்றினால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது, மூல ஆசிரியர்களின் அனுமதி வேண்டும், மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு இது தெரியும். என் யோசனை இது: மூலக் கேள்வியை அப்படியே வையுங்கள், பக்கத்தில் நம்மூர்க் கேள்வி ஒன்றைச் சேருங்கள். காலணிக்குள் பார்த்தீர்களா என்பதோடு, உள்ளங்காலைப் பார்த்தீர்களா, வெறுங்காலோடு வெளியே நடந்த நாள் எத்தனை என்றும் கேளுங்கள். பிறகு எது கால்புண்ணோடு சேர்ந்து அசைகிறது என்று கணக்கு உங்களுக்குச் சொல்லும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால், ஒப்பீடு போனாலும் பரவாயில்லை, உண்மை தங்கட்டும்.

மொழியாக்க முறையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருவர் தனித்தனியே தமிழாக்கி, ஒன்றாக்குவீர்கள். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிடுவது 1970இல் பிரிஸ்லின் வகுத்த வழி. ஒரே ஓர் எச்சரிக்கை. சொல்லுக்குச் சொல் அடுக்கிய விறைப்பான தமிழ்தான் திருப்பி மொழிபெயர்க்கும்போது மூலத்தோடு அச்சாகப் பொருந்தும். யாருக்கும் புரியாத தமிழ் அந்தப் பரீட்சையில் முதல் மாணவனாகத் தேறும். ஆகவே அதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டி, "இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பதிலை அப்புறம் வாங்கலாம். இந்த ஒரு படிதான் முழு வேலையின் உயிர். பல ஆய்வேடுகளில் இது ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது, புள்ளிவிவரத்துக்கு நாற்பது பக்கம் போகிறது. என்னைக் கேட்டால் இங்கே வாரக்கணக்கில் உட்காருங்கள்.

அந்தப் புள்ளிவிவரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரோன்பாக் 1951இல் தந்த ஆல்ஃபா எண் 0.7ஐத் தாண்டினால் உங்கள் முகம் மலர்கிறது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பது மட்டுமே அதற்குப் பொருள். நம் பெரியவர்களுக்கு உங்களைப் போன்ற படித்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம் தர மனம் வராது. "மருந்து விடாமல் சாப்பிடுகிறீர்களா?" ஆமாம்மா. "இனிப்பைக் குறைத்துவிட்டீர்களா?" ஆமாம்மா. "நடக்கிறீர்களா?" நடக்கிறேன்ம்மா. எல்லாவற்றுக்கும் மரியாதையாக ஆமாம் சொல்கிறவர் பலரும், சிரத்தையில்லாமல் இல்லை சொல்கிறவர் சிலரும் கலந்தால் ஆல்ஃபா அழகாக 0.8க்குப் போகும். அது நீங்கள் அளந்த மரியாதையின் அளவாகக்கூட இருக்கலாம். மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணிப்பாருங்கள், அவர் கிளினிக்குக்குக் கொண்டுவரும் பச்சைப் பதிவுப் புத்தகத்தில் உள்ள மூன்று மாதச் சர்க்கரை அளவோடு ஒப்பிடுங்கள். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள். "ரெண்டு நாள் மறந்துபோவது எல்லாருக்கும் நடப்பதுதான், போன வாரம் உங்களுக்கு எப்படி?" என்று தொடங்கிப் பாருங்கள். பதில் மாறும்.

இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் அதே தாளைக் கொடுத்து, பதில் நிலையாக இருக்கிறதா என்று பார்க்கிறீர்களே, அதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய வாரம் ஒரு முறை, பிறந்த பிறகு ஒரு முறை கேட்டால், அசைவம் நின்றுபோன வீட்டில் உணவுப் பதில்கள் எல்லாம் புரண்டிருக்கும். தைப்பூச விரதம், தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு மாதம், தீபாவளிப் பலகார வாரம் எல்லாம் இதே கதைதான். தாள் நம்பகமற்றது என்றோ, ஆள் நம்பகமற்றவர் என்றோ எழுதிவிடாதீர்கள். மாதம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சாதாரண மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் புரட்டாசியில் வேண்டுமென்றே இன்னொரு முறை கேளுங்கள். தைப்பூச விரதத்துக்காக நாற்பத்தெட்டு நாள் நாக்கைக் கட்டுகிறவருக்குச் 'சுயகட்டுப்பாட்டுத் திறன் குறைவு' என்று யார் சொல்ல முடியும்? அந்தத் திறன் அவரிடம் எந்தக் காரணத்துக்கு எழுந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், ஆலோசனை சொல்லும் மிஸ்ஸிக்கு அது பெரிய துணை.

'தானே' என்பதையும் கவனியுங்கள். நம் வீடுகளில் தாத்தாவின் மாத்திரை டப்பாவை மருமகள் நிரப்புவார், இன்சுலின் ஊசியைப் பேரன் போடுவான், அப்பாயின்ட்மென்ட் தேதி மகளின் போனில் இருக்கும். தாத்தாவிடம் கேட்டால் மதிப்பெண் விழாது. ஆனால் அவருடைய சர்க்கரை கட்டுக்குள் இருக்கும். பார்பரா ரீகலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட நாள்பட்ட நோய்ச் சுயபராமரிப்புத் தாளுக்கு, உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் பங்கை அளக்கும் துணைத் தாள் ஒன்று 2020இல் வந்துவிட்டது. இத்தாலியில் அதற்குத் தேவை இருந்ததென்றால் கிள்ளானுக்கு எவ்வளவு தேவை! அதே ரீகல் தாளில் 100க்கு 70 எடுத்தால் போதுமானது என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்த 70ஐ இங்கே அப்படியே இறக்காதீர்கள். நம்மவர்களில் நோய் கட்டுக்குள் இருப்பவரும் இல்லாதவரும் எந்த எண்ணில் பிரிகிறார்கள் என்று பார்த்து, நம் கோட்டை நாமே போட வேண்டும்.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளை உருவாக்கியபோது, ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளுக்கு அனுப்பவில்லை. உலகின் 15 நகரங்களில் மக்களையே கூட்டி வைத்துப் பேசி, 236 கேள்விகளைச் சோதித்து, 100ஆகச் சுருக்கினார்கள். அந்த 15இல் சென்னையும் ஒன்று. தமிழ் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது. நம் நாட்டிலேயே, மருந்தைச் சரியாக எடுக்கிறாரா என்று அளக்க வெளிநாட்டுத் தாளையே நம்பியிராமல், நீரிழிவு நோயாளிகளுக்காக 12 கேள்விகள் கொண்ட 'மைமாட்' என்ற தாளை மலாயில் உருவாக்கி 2020இல் வெளியிட்டார்கள் மலேசிய ஆய்வாளர்கள். மலாயில் செய்தவர்கள் நம் ஆசிரியர்கள், நம் சக ஊழியர்கள். வழி அவர்களுக்குத் தெரியும். போய்க் கேளுங்கள்.

நிபுணர் குழு அமைக்கும்போது பேராசிரியர்களோடு வேறு சிலரையும் சேருங்கள். பெரியவர்களோடு பேசிப் பழகிய ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். டயாலிசிஸில் இருக்கும் நோயாளி ஒருவர். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோடு பக்கத்து யாழ்ப்பாணத்துக் குடும்பத்திலிருந்து ஒருவர், தோட்டத்துக் குடும்பத்திலிருந்து ஒருவர். இருவர் காதிலும் ஒரே கேள்வி ஒரே மாதிரி விழுகிறதா என்று தெரிய வேண்டும். 1951இல் தொடங்கப்பட்டு பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வாசலுக்கும் போங்கள். இந்த நோயில் பார்வை போனவருக்கு உங்கள் தாளில் வட்டமிட முடியாது, படம் போட்ட அட்டையும் உதவாது. காதால் கேட்டுப் பதில் சொல்லும்படி கேள்விகள் சுருக்கமாக இருக்கின்றனவா என்று அவர்கள் ஒரே மாலையில் சொல்லிவிடுவார்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் அதே சுருக்கமான கேள்விதான் பொருந்தும்.

கடைசியாக, பட்டம் வாங்கிய பிறகு செய்ய வேண்டியது. மூலத் தாளுக்கு உரிமக் கட்டணம் இருந்தால் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முடித்த பின் கிளினிக் பயன்படுத்த முடியாமல் போனால் பாட்டிகளின் நேரமெல்லாம் வீண். தமிழ்ப் பதிப்பை, மதிப்பெண் போடும் முறையோடு, தாதியருக்கும் மருந்தாளர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும்படி செய்யுங்கள். எந்தக் கேள்வி தோற்றது, ஏன் தோற்றது, யார் என்ன சொன்னதால் மாற்றினீர்கள் என்பதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பெயர் குறிக்காமல் முழுதாக எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு சிறுநீரக நோய்க்கோ இதய நோய்க்கோ தாள் செய்யப்போகும் பிள்ளை அங்கிருந்து தொடங்கலாம். தமிழ்ப் பதிப்பைப் படித்துக்காட்டிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நானும், என்னோடு ஓய்வு பெற்ற மிஸ்ஸிகள் சிலரும் கிள்ளானில் இருக்கிறோம். காலை நேரம் எங்களுக்கு வசதி.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மிஸ்ஸி ஒருத்தி
கிள்ளான்